போன் இளைத்தது, பெருத்தது, மறுபடி இளைக்கிறது
வாசகர் கேள்வி – பதில்

கடைகளில் 6 மி.மீ.-க்கும் கீழே மெலிந்த போன்கள் வந்ததிலிருந்து தடிமன் பற்றிய கேள்விகள் குவிந்துகொண்டே இருக்கின்றன. இந்த முறை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணிப் பக்கத்துக் கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறோம். மாவட்டம் எத்தனையாகப் பிரிந்தாலும் பழைய வடாற்காட்டுக்காரர்களின் சந்தேகம் ஒன்றாகத்தான் இருக்கிறது: மெலிசு போனை நம்பி வாங்கலாமா?

சத்துவாச்சாரி வாசகர்: அப்பா வைத்திருந்த பழைய நோக்கியா சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். இன்றைக்குப் போன் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. எந்த வருஷம் எவ்வளவு குறைந்தது என்று கணக்காகச் சொல்ல முடியுமா?

சொல்லலாம். ஆனால் அது நேராக இறங்கி வந்த கணக்கு அல்ல. முதல் ஸ்மார்ட்போன் என்று சொல்லப்படும் ஐபிஎம் சைமன் 1994-ல் வந்தபோது தடிமன் 38 மி.மீ., எடை அரைக் கிலோ. 1996-ன் நோக்கியா 9000 கம்யூனிகேட்டரும் அதே 38 மி.மீ.தான். உங்கள் அப்பா வைத்திருந்தது 3310 என்றால் (2000) 22 மி.மீ.; டார்ச் வைத்த 1100 என்றால் (2003) 20 மி.மீ. இந்த இரண்டும் ஸ்மார்ட்போன் அல்ல என்றாலும், நம் ஊரில் 'போன் தடிமன்' என்றதும் கை நினைவுக்குக் கொண்டுவருவது இவற்றைத்தான்.

2007-ல் முதல் ஐபோன் 11.6 மி.மீ. அடுத்த ஆண்டு வந்த ஐபோன் 3ஜி, அலுமினிய முதுகுக்குப் பதில் பிளாஸ்டிக் முதுகோடு வந்து, 12.3 மி.மீ. ஆகக் கூடியது. அதே 2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போன் எச்டிசி ட்ரீம் 17.1 மி.மீ.; திரைக்கு அடியிலிருந்து இழுத்துத் தள்ளும் கீபோர்டு அதில் இருந்தது. 2010-ல் ஐபோன் 4 9.3, கேலக்ஸி எஸ் 9.9. 2011-ல் கேலக்ஸி எஸ்2 8.5. 2012-ல் ஐபோன் 5 7.6. 2014-ல் ஐபோன் 6 6.9.

அந்த 2014-ல்தான் சீனக் கம்பெனிகள் ஒருவரையொருவர் முந்தப் பார்த்தார்கள். ஜியோனி 5.5 மி.மீ.-ல் ஒன்று, பிறகு 5.1-ல் ஒன்று. ஓப்போ ஆர்5 4.85. விவோ எக்ஸ்5 மேக்ஸ் 4.75. ஓப்போ, விவோ இரண்டிலும் பேட்டரி 2000 எம்.ஏ.எச்.தான், சாயங்காலத்துக்குள் சார்ஜரைத் தேட வேண்டிய அளவு. 2016-ல் மோட்டோ இசட் 5.2 மி.மீ.-ல் வந்ததோடு அந்த ஓட்டம் அடங்கியது. அதற்குப் பிறகு முள் மறுபக்கம் திரும்பியது: 2018-ல் ஐபோன் எக்ஸ்ஆர் 8.3, 2023-ல் 15 ப்ரோ 8.25, 2025-ல் 17 ப்ரோ 8.75. அதே 2025-ல் கேலக்ஸி எஸ்25 எட்ஜ் 5.8, ஐபோன் ஏர் 5.6.

இறங்கிய காலத்தில் எதெல்லாம் கழன்றது என்று பாருங்கள். பொத்தான் கீபோர்டு போனது. பேட்டரிக்கென்று இருந்த மூடியும், பேட்டரியைச் சுற்றியிருந்த கெட்டி உறையும் போயின. எல்சிடி திரைக்குப் பின்னால் வெளிச்சத்துக்காக அடுக்கியிருந்த தாள்கள் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை வந்ததும் தேவையில்லாமல் போயின. டச் கண்ணாடியும் டிஸ்ப்ளேவும் தனித்தனியாக இருந்தவை ஒட்டிக்கொண்டன. இன்று கடையில் 'காம்போ' என்று ஒன்றாக மாற்றச் சொல்வது அதனால்தான்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 22 மி.மீ. தடிமனுள்ள நோக்கியா 3310-ன் எடை 133 கிராம். 5.6 மி.மீ. ஐபோன் ஏர் 165 கிராம். மெலிசு வேறு, லேசு வேறு.

ஆற்காடு வாசகர்: வீட்டிலேயே போன் தடிமனை அளக்க வழி உண்டா? ஸ்கேலில் மி.மீ. கோடு சரியாகத் தெரியவில்லை.

ஏடிஎம் கார்டுதான் வழி. எந்த பாங்க் கார்டாக இருந்தாலும் அதன் தடிமன் 0.76 மி.மீ. பத்துக் கார்டை அடுக்கினால் 7.6 மி.மீ., அதாவது ஒரு ஐபோன் 5. பதினொன்று அடுக்கினால் 8.36, இன்றைய சாதாரணப் போன். எண்கள் புடைத்திருக்கும் பழைய கார்டைச் சேர்க்காதீர்கள், அடுக்கு ஏமாற்றிவிடும். போனையும் அடுக்கையும் மேசையில் ஒட்டி வைத்து, குறுக்கே ஸ்கேலை நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

துல்லியம் வேண்டுமென்றால் வெர்னியர் காலிபர். அளக்கும் முன் தாடைகளை மூடி, அளவு 0-வில் நிற்கிறதா என்று சரிபாருங்கள். தாடை போனைத் தொட்டால் போதும், அழுத்தக் கூடாது. டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருந்தால் அது 0.33 மி.மீ., பசையோடு இன்னும் கொஞ்சம், அதைக் கழித்துவிடுங்கள்.

காட்பாடி, பொறியியல் மாணவர்: 2014-ல் 5 மி.மீ.-க்குக் கீழே செய்ய முடிந்தது என்றால், பிறகு ஏன் தடித்தது? தொழில்நுட்பம் பின்னோக்கிப் போகுமா?

தொழில்நுட்பம் பின்னோக்கிப் போகவில்லை. நாம் போனிடம் கேட்பது கூடிவிட்டது. 2014-ல் போனில் வீடியோ பார்க்கும் முன் டேட்டா எவ்வளவு மிச்சம் என்று யோசித்தோம். இன்று காட்பாடி ஜங்ஷனில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கும் வரை திரை அணைவதில்லை. அந்தச் சுமையை ஏற்பது பேட்டரி. போனுக்குள் நீளமும் அகலமும் கையளவோடு நின்றுவிடும், ஆகவே பேட்டரி வளர மிஞ்சியிருந்த ஒரே திசை தடிமன்.

இதற்குச் சுத்தமான உதாரணம் ஒரே கம்பெனியின் ஒரே ஆண்டு இரண்டு போன்கள். கேலக்ஸி எஸ்25 பிளஸ், எஸ்25 எட்ஜ் இரண்டுக்கும் 6.7 அங்குலத் திரை. பிளஸ் 7.3 மி.மீ., பேட்டரி 4900 எம்.ஏ.எச். எட்ஜ் 5.8 மி.மீ., பேட்டரி 3900. ஒன்றரை மில்லிமீட்டரை இழைத்து எடுத்ததற்கு விலை 1000 எம்.ஏ.எச்.

தடிமனைக் குறைக்கும்போது அதே விகிதத்தில் பேட்டரி குறையாது, அதைவிட அதிகமாகக் குறையும். காரணம், முன் கண்ணாடி, டிஸ்ப்ளே, நடுத் தகடு, பின் கண்ணாடி இவையெல்லாம் போன் எவ்வளவு மெலிந்தாலும் ஏறக்குறைய அதே கனத்தில் இருந்தாக வேண்டும். 8 மி.மீ. போனில் இவை சுமார் 3 மி.மீ. எடுத்துக்கொண்டால் பேட்டரிக்கு 5 மிஞ்சும். போனை 6 மி.மீ. ஆக்கினால் மிஞ்சுவது 3. போன் கால் பங்கு மெலிந்தது, பேட்டரிக்கான இடம் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது.

இரண்டாவது காரணம் வளைவு. உங்கள் பாடத்திலேயே இருக்கிறது: தகட்டின் விறைப்பு தடிமனின் முப்படியைப் பொறுத்தது. 7.6-லிருந்து 6.9-க்கு இறங்கினால் தடிமன் 9 சதவீதம்தான் குறைகிறது. விறைப்பு கால் பங்கு போய்விடும். 2014-ல் ஐபோன் 6 பிளஸ் பேன்ட் பாக்கெட்டில் வளைந்ததாக உலகமே பேசியதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. அடுத்த ஆண்டு 6எஸ் வந்தபோது அலுமினியத்தை 7000 வரிசை என்ற கெட்டி ரகத்துக்கு மாற்றி, தடிமனையும் 7.1 மி.மீ. ஆக்கினார்கள். இப்போது வரும் மெலிசு போன்கள் டைட்டானியச் சட்டத்தோடு வருவது அழகுக்கு மட்டுமல்ல.

மூன்றாவது காரணம் கேமரா. அதற்கு ஆம்பூர்க்காரரின் கேள்வி வசதியாக வந்திருக்கிறது.

ஆம்பூர், ஷூ கம்பெனி ஊழியர்: எங்கள் தொழிற்சாலையில் லெதர் தடிமன் பார்க்கும் டயல் கேஜை ஒரு புதுப் போனில் வைத்தோம். கம்பெனி சொன்ன தடிமன் கீழ்ப்பக்கத்தில் சரியாக வந்தது. கேமரா பக்கம் கேஜ் வாய்க்குள்ளேயே நுழையவில்லை. பெட்டியில் போட்ட எண் பொய்யா?

பொய் இல்லை, பாதி உண்மை. கம்பெனிகள் சொல்வது கேமராத் திட்டை விட்டுவிட்டு உடம்பின் தடிமன். நீங்கள் லெதருக்கு 1.0–1.2 என்று வரம்பு போட்டு வாங்குகிறீர்கள். கழுத்துப் பக்கம் ஓர் அளவு, வயிற்றுப் பக்கம் ஓர் அளவு என்று தெரிந்தே பேசுகிறீர்கள். போன்காரர்கள் வயிற்றுப் பக்க அளவை மட்டும் அச்சடிக்கிறார்கள். ஐபோன் ஏரை எடுத்துக்கொண்டால் உடம்பு 5.6 மி.மீ.; கேமரா இருக்கும் மேட்டில் லென்ஸ் நுனியோடு அளந்தால் 11 மி.மீ.-ஐத் தாண்டும். பாக்கெட் கேஜ் பெரும்பாலும் 10 மி.மீ. வரைதான் திறக்கும் என்பதால் உங்கள் கேஜ் மறுத்ததில் வியப்பில்லை.

கேமராவை ஏன் மெலிதாக்க முடியவில்லை? லென்ஸுக்கும் சென்ஸாருக்கும் நடுவே ஒளி பயணம் செய்யக் குறிப்பிட்ட தூரம் தேவை. சென்ஸார் பெரிதாகப் பெரிதாக அதே அகலக் காட்சியைப் பிடிக்க அந்தத் தூரமும் கூடும். '1 இன்ச்' என்று சொல்லி விற்கும் சென்ஸாரின் உண்மை அளவு 13.2 × 8.8 மி.மீ. (இன்ச் என்பது பழைய டிவி கேமராக் குழாய்க் காலத்து வழக்கு, ஸ்கேலில் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள்.) அதில் வழக்கமான அகலக் காட்சி வேண்டுமானால் லென்ஸின் குவிய நீளம் மட்டுமே சுமார் 8.8 மி.மீ. முழுப் போனே 8 மி.மீ. என்றால் கேமரா வெளியே துருத்தாமல் எப்படி? இரவிலும் இருட்டுக் கல்யாண மண்டபத்திலும் படம் நன்றாக வர வேண்டும் என்றால் சென்ஸார் பெரிதாக இருக்க வேண்டும்; ஆகவே திட்டு இருக்கும்.

தூரத்துப் படமெடுக்கும் லென்ஸுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு முப்பட்டகம் ஒளியை 90 டிகிரி திருப்பிவிட, லென்ஸ் போனின் அகலவாக்கில் படுத்துக்கொள்ளும். பெரிஸ்கோப் லென்ஸ் என்பது அதுதான். 2019-ல் ஹுவாவே பி30 ப்ரோ அதைப் பரவலாக்கியது.

மெலிசு போன் செய்பவர்கள் இந்தத் திட்டையே பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பது சாமர்த்தியம். ஐபோன் ஏரில் கேமராவோடு ஸ்பீக்கரும் சிப் உள்ள போர்டும் அந்த மேட்டுக்குள் ஏறிவிட்டன. கீழே மிச்ச இடமெல்லாம் பேட்டரிக்கு. சிம் தட்டுக்குக்கூட இடம் இல்லை, இசிம் மட்டும்தான். பெட்டியில் 5.6 என்று படித்தால் அதை அடித்தளத்தின் அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள், மாடியையும் சேர்த்துக் கேளுங்கள்.

குடியாத்தம் வாசகி: மூன்று வருஷப் போன். மேசையில் வைத்தால் இப்போது ஆடுகிறது. பின்பக்கம் ஓரமாக நகம் நுழையும் அளவு திறந்திருக்கிறது. கடையில் 'பசை விட்டுடுச்சி, ஒட்டித் தரேன்' என்கிறார்கள். ஒட்டினால் போதுமா?

அம்மா, ஒட்டக் கொடுக்காதீர்கள். பசை தானாக விடுவதைவிட, உள்ளே பேட்டரி உப்பி மூடியைத் தள்ளியிருக்கவே வாய்ப்பு அதிகம். அதன் மேல் அழுத்தி ஒட்டுவது ஆபத்து.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பின் கவரைக் கழற்றுங்கள். போனைத் திரை கீழே இருக்கும்படி மெத்தென்ற துணி மேல் வைத்து, கேமராவுக்குக் கீழே, முதுகின் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலை விளிம்பாக நிறுத்துங்கள். ஜன்னல் வெளிச்சம் பார்த்துக் குனிந்து பாருங்கள். ஸ்கேல் இரண்டு ஓரத்திலும் படிந்தால் நல்லது. நடுவில் மட்டும் தொட்டு, ஓரங்களில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் உப்பல்தான். (வளைந்த முதுகு கொண்ட மாடல்களில் ஓரத்து வெளிச்சம் இயல்பு, அங்கே மூடியின் இடைவெளியைத்தான் நம்ப வேண்டும்.) திரைப் பக்கம் உப்பினால் இன்னொரு அடையாளம் உண்டு: வெள்ளைப் படத்தில் நடுவே வெளிறிய திட்டு, அல்லது ஓரத்தில் டிஸ்ப்ளே எழும்பி நிற்பது.

ஏன் உப்புகிறது? போன் பேட்டரி என்பது அலுமினியத் தாள் பைக்குள் சுருட்டியோ அடுக்கியோ வைத்த மெல்லிய தகடுகளும், நடுவே ஒரு கரைசலும். அந்தக் கரைசல் வயதாகச் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களாக மாறுகிறது. பை மூடியிருப்பதால் வாயு வெளியேற வழியில்லை. தலையணை போல் ஊதுகிறது. பேட்டரி தன் ஆயுளில் சுமார் 8 முதல் 10 சதவீதம் தடிப்பதை எதிர்பார்த்து உள்ளே கொஞ்சம் காலி இடம் விடுவது வழக்கம். போன் மெலிய மெலிய அந்த இடத்தில்தான் முதலில் கை வைக்கத் தோன்றும். 2016-ல் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்துத் திரும்பப் பெறப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, முதலில் வந்த பேட்டரியின் பை மூலையில் இடம் போதாமல் உள்தகடு மடங்கியது.

சிதைவை வேகப்படுத்துவது இரண்டு: சூடு, எப்போதும் 100 சதவீதத்தில் நிற்பது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். அக்னி நட்சத்திரத்தில் வேலூர்ப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த வெயிலில் பைக் ஹேண்டிலில் மேப் ஓடவிட்டபடி சார்ஜும் போடுவது, அடுப்பு மேடைப் பக்கத்து பிளக்கில் இரவெல்லாம் விடுவது, தலையணைக்கடியில் சார்ஜ் செய்வது, மூன்றும் உப்பலுக்கு நேர் வழி. செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் '80 சதவீதத்தில் நிறுத்து' என்ற வசதி இருந்தால் சித்திரை, வைகாசியிலாவது போட்டுவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. சார்ஜில் போடுவதை நிறுத்துங்கள். படங்கள் முக்கியம், போனும் சூடாக இல்லை என்றால், இருக்கிற சார்ஜிலேயே வைஃபை வழியாகப் பேக்கப் எடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள். டைல்ஸ் தரை அல்லது சிமென்ட் திண்ணையில் வையுங்கள். பீரோவிலும் மெத்தையிலும் வேண்டாம். ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். குத்தினால் உள்தகடுகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடிக்கும். ஃபிரிட்ஜும் வேண்டாம். இனிப்பான நெயில் பாலிஷ் வாடை வந்தால் பை கசிகிறது என்று அர்த்தம்; உடனே திறந்த வெளிக்குக் கொண்டுபோய், ஒரு இரும்பு வாளியில் மணல் போட்டு அதன் மேல் வைத்துவிடுங்கள்.

கடையில் எப்படிக் கழற்றுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பின் மூடியைக் கழற்ற வழக்கமாக ஹீட் கன்னில் சூடாக்குவார்கள். உப்பிய பேட்டரிக்கு அந்தச் சூடு ஆகாது. ஓரத்தில் ஐபிஏ எனப்படும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சில நிமிடம் ஊறவிட்டு, பிளாஸ்டிக் அட்டையால் நெம்பச் சொல்லுங்கள். பேட்டரிக்கு அடியில் இழுத்தால் உரிந்து வரும் பட்டை இருக்கும். இல்லையென்றால் அங்கேயும் ஐபிஏதான். இரும்பு ஸ்பட்ஜரோ (நெம்பும் தட்டைக் கருவி) ஸ்க்ரூ டிரைவரோ உள்ளே போனால் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள்.

புதுப் பேட்டரி போட்ட பிறகும் மூடி படியவில்லை என்ற புகார் நிறைய வருகிறது. காரணம் பெரும்பாலும் மாற்றுப் பேட்டரி மூலத்தைவிட 0.2, 0.3 மி.மீ. தடிமனாக இருப்பது, அல்லது பழைய பசையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுப் பசை வைப்பது. பேட்டரி மேல் அச்சடித்த மாடல் எண் பழையதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பசை போட்டபின் ரப்பர் பேண்டு கட்டிச் சில மணி நேரம் வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் கையில் கொடுத்தால் மறுபடி திறக்கும். எப்படி ஒட்டினாலும் தண்ணீர் புகாத தன்மை பழையபடி இருக்கும் என்று நம்பாதீர்கள்.

பழைய பேட்டரியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள், குப்பைத் தொட்டியில் வேண்டாம். தயாரிப்பாளர்கள் பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. அவர்களின் சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்கள்.

ஆரணி வாசகர்: 7000 எம்.ஏ.எச்.-க்கு மேல் பேட்டரி, ஆனால் 8 மி.மீ.தான் தடிமன் என்று விளம்பரம். எப்படிச் சாத்தியம்?

சாத்தியமாகிவிட்டது. 2020-ல் கேலக்ஸி எம்51 7000 எம்.ஏ.எச். பேட்டரியோடு 9.5 மி.மீ. தடிமனில் வந்தது. 2025-ல் விவோ டி4 7300 எம்.ஏ.எச்.-ஐ 7.9 மி.மீ.-க்குள் அடைத்துவிட்டது. நடுவில் மாறியது பேட்டரியின் எதிர்மின் தகடு. இதுவரை அதில் கிராஃபைட் இருந்தது. கோட்பாட்டுப்படி ஒரு கிராம் கிராஃபைட் 372 எம்.ஏ.எச். வரை லித்தியத்தைப் பிடித்து வைக்கும். சிலிக்கான் அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் பிடிக்கும். பிறகு ஏன் முன்பே போடவில்லை? சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் மூன்று மடங்கு அளவு ஊதி, இறங்கும்போது சுருங்கும். சில நாளில் பொடிந்துவிடும். அதனால் சிலிக்கான் துகளைக் கார்பன் கூட்டுக்குள் வைத்து, ஊதுவதற்குக் கொஞ்சம் வெற்றிடமும் விட்டு, கிராஃபைட்டோடு கலக்கிறார்கள். சிலிக்கான்–கார்பன் என்று பெட்டியில் போடுவது இதைத்தான். 2023-ல் சீனாவில் ஹானர் இதைப் போனில் கொண்டுவந்தது.

வாங்கும்போது உத்தரவாதத்தில் எத்தனை முறை சார்ஜுக்குப் பின்னும் பேட்டரியின் கொள்ளளவு புதிதில் இருந்ததில் 80 சதவீதம் இருக்கும் என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள். எழுதியிருந்தால் நல்லது.

வாலாஜாபேட்டை வாசகி: தடிமனைக் காரணம் சொல்லித்தானே ஹெட்போன் ஓட்டையை எடுத்தார்கள்?

4.75 மி.மீ. விவோ எக்ஸ்5 மேக்ஸில் ஹெட்போன் ஓட்டை இருந்தது. இனி யாராவது தடிமன் என்று சொன்னால் அந்தப் போனைக் காட்டுங்கள். உண்மையான சிக்கல் நீளம்: பிளக் உள்ளே சுமார் 14 மி.மீ. போகிறது, அந்த இடத்தைப் பேட்டரியும் அதிர்வு மோட்டாரும் கேட்கின்றன.

வாணியம்பாடி வாசகர்: போனுக்கு நாங்களே லெதர் உறை தைத்து விற்கலாம் என்று இருக்கிறோம். லெதர் எத்தனை மி.மீ. எடுப்பது? போன் ரொம்பப் பருத்துத் தெரியக் கூடாது.

உங்கள் ஊர்க்காரருக்கு லெதர் பற்றிச் சொல்வது திருப்பதிக்கே லட்டு கொடுப்பது மாதிரி. போன் பக்கத்திலிருந்து சொல்கிறோம்.

உள்ளே செருகும் உறையென்றால் ஆவாரம்பட்டை, கடுக்காய் வழியில் வந்த தாவரப் பதனிடல் தோல்தான் நல்லது. நனைத்து அச்சில் வைத்துக் காயவிட்டால் வடிவம் நிற்கும். குரோம் தோல் பழையபடி தளர்ந்துவிடும். 1.2 மி.மீ. தோல் போதும். உள்லைனிங் 0.5. இரண்டு பக்கமும் சேர்ந்து 3.4 மி.மீ. ஏறும் என்பதைக் கணக்கில் வையுங்கள். தைக்கும் ஓரத்தை 0.8-க்குச் சீவிவிட்டால் பார்வைக்கு மெலிசாக இருக்கும்.

அச்சாக உண்மைப் போனை வைக்காதீர்கள். தேக்குக் கட்டையில் செய்துகொள்ளுங்கள்: நீள அகலத்தில் அரை மி.மீ., தடிமனில் 0.3 மி.மீ. கூடுதல், ஏனெனில் காயும்போது தோல் சுருங்கும். டெம்பர்டு கிளாஸ் ஒட்டியவர்களுக்கு இன்னும் 0.4 சேருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் குமிழி நிற்கும் வரை முக்கி, கட்டையை பாலித்தீனில் சுற்றிச் செருகி, எலும்பு மடிப்பானால் ஓரம் அழுத்தி, ஒரு முழுநாள் நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் கறுத்து விறைக்கும்.

முதுகோடு ஒட்டும் வகை என்றால் 0.8–1.0 மி.மீ. போதும். வயர்லெஸ் சார்ஜ் இரண்டு மூன்று மி.மீ. லெதரைத் தாண்டும்; காந்த மூடிக்கென்று முதுகில் இரும்புத் தகடு வைத்தால் தாண்டாது, தகடே சூடேறும். கேமரா ஓட்டையின் விளிம்பு லென்ஸைவிட உயர்ந்து நிற்க வேண்டும். அதைச் செய்யாத உறையில்தான் மேசையில் வைக்கும்போது லென்ஸ் கண்ணாடி கீறுகிறது.

திருப்பத்தூர் வாசகர்: மடிக்கும் போன் இன்னும் எவ்வளவு மெலியும்?

கேலக்ஸி இசட் ஃபோல்டு 7 விரித்தால் 4.2 மி.மீ., மடித்தால் 8.9. இனி இடிப்பது சார்ஜிங் பின்: யுஎஸ்பி-சி துளையின் உயரமே சுமார் 2.6 மி.மீ., மேலும் கீழும் சுவர் வேண்டும். துளையை எடுத்தால்தான் 4-க்கு வெகுவாகக் கீழே போக முடியும்.

வேலூர், தோட்டப்பாளையம் மாணவி: மெல்லிய போனில் கேம் ஆடினால் சீக்கிரம் சூடாகி வேகம் குறைகிறதே?

சூட்டை வெளியேற்றுவது போனின் பரப்பு. தடிமன் குறைந்தாலும் பரப்பு குறைவதில்லை. ஆனால் மெல்லிய உடம்பில் சூட்டைத் தாங்கிப் பிடிக்கும் பொருள் குறைவு, அதனால் சீக்கிரம் உச்சத்துக்குப் போய்விடும். தடித்த போன் முதல் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கும், அரை மணிக்குப் பிறகு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கேம் ஆடும்போது கவரைக் கழற்றுங்கள், சார்ஜைப் பிடுங்குங்கள், மின்விசிறிக் காற்று முதுகில் படும்படி உட்காருங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: அம்மாவுக்கு 68 வயது, விரல் மூட்டு வலி. மெலிசான போன் வாங்கிக் கொடுத்தால் பிடிக்க வசதியாக இருக்குமா?

தடிமனைப் பார்க்காதீர்கள், எடையையும் அகலத்தையும் பாருங்கள். மெல்லிய போனின் கூரான விளிம்பு விரலுக்குள் அழுந்தும். பிடி நழுவாமல் இருக்க இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள், வலி கூடும். 8, 8.5 மி.மீ. தடிமனில், ஓரம் உருண்டு, 180 கிராமுக்குள், அகலம் 73 மி.மீ.-ஐத் தாண்டாத போன் அவர்களுக்கு நன்றாகப் படியும். கவரும் கண்ணாடியும் போட்டால் 30, 40 கிராம் சேர்ந்துவிடும் என்பதால் கடையில் வெறும் போனைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். கவர் போட்டு, அம்மா கையிலேயே கொடுத்து, ஐந்து நிமிடம் காதில் வைத்துப் பேசச் சொல்லுங்கள்.